4. தண்டா, காம்பா, ஈர்க்கா?

விடிகாலையில் உதிர்ந்து கிடக்கும் பவழமல்லியை எடுத்து யாரிடம் காட்டினாலும் "வெள்ளைப் பூ, சிவப்புக் காம்பு" என்றுதான் சொல்வார்கள். அது காம்பு அல்ல. இதழ்கள் அடியில் ஒன்றுகூடிக் குழலாக நீண்டிருக்கின்றன. நிறம் அந்தக் குழலுடையது. நகத்தால் நெடுக்கக் கீறிப் பாருங்கள். உள்ளே துளை, துளையின் வாயருகே இரண்டு மகரந்தத் தாள்கள். பூவைத் தாங்கியிருந்த பச்சைக் கிண்ணமான புல்லிவட்டம் மரத்திலேயே நின்றுவிட்டது. உண்மையில் பவழமல்லிக்குக் காம்பே கிடையாது. கிண்ணம் நேராகக் கொத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்.

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டின் பூக்கடைகளில் மல்லிகைக்கும் இதே கணக்குதான். காம்பு என்று சொல்லி முடிச்சுப் போடும் இடத்தில் பாதிக்கு மேல் இதழ்க்குழல். இட்லிப்பூவில் குழந்தைகள் உறிஞ்சித் தேன் குடிப்பதும் குழலைத்தான். காய்கறிப் பக்கம் போனால் தவறு வேறு விதமாக இருக்கும். கத்தரிக்காயின் பச்சைத் தொப்பியையும் சேர்த்துக் காம்பு என்று அரிந்து போடுகிறோம். தொப்பி புல்லிவட்டம், அதிலிருந்து செடியை நோக்கி நீண்டிருப்பது மட்டுமே காம்பு.

ஆகவே முதல் விதி: புல்லிவட்டத்துக்கும் செடிக்கும் நடுவில் இருப்பது காம்பு. புல்லிவட்டத்தைத் தாண்டி இதழ்ப் பக்கம் இருப்பது எதுவானாலும் காம்பு ஆகாது. கொய்யாவிலும் மாதுளையிலும் புல்லிவட்டம் காயின் நுனிக்குப் போய்விடும். அவற்றில் காய் தொடங்கும் இடத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பு என்ற சொல்லின் மேல் குறை ஏதும் இல்லை. இலையை, பூவை, பழத்தைத் தாங்குவது எல்லாவற்றுக்கும் பேச்சுத் தமிழுக்கு அந்த ஒரு சொல் போதும். பிரெஞ்சுக்காரர்களும் வீட்டுப் பேச்சில் இவை எல்லாவற்றையும் 'வால்' என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறார்கள். செடியை அடையாளம் காண உட்காரும்போதுதான் சிக்கல் வரும். அடையாள நூல் "காம்பு நீளம்" என்று கேட்கும். எதை அளப்பது என்று தெரியாவிட்டால் அடுத்த படியிலேயே வேறு குடும்பத்துக்குப் போய்விடுவோம்.

பரு எங்கே?

கரும்பு நடுகிறவர்கள் கணுவில் இருக்கும் முளையைப் பரு என்பார்கள். ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை என்று எண்ணித்தான் நறுக்குவார்கள். பாடநூலில் அதன் பெயர் கோண மொட்டு. பரு என்பது சிறிய சொல், கையில் பிடிபடும் சொல். இந்த அத்தியாயம் முழுக்க அதையே வைத்துக்கொள்கிறேன்.

தண்டில் கணு உண்டு, கணுவில் இலை உண்டு, இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கவட்டில் பரு உண்டு. அந்தப் பரு வளர்ந்தால் கிளையாகும் அல்லது பூவாகும். இலைக்குள்ளே, அது எத்தனை பிரிவாகப் பிரிந்திருந்தாலும், பரு இருக்காது. வடிவம், பருமன், நிறம், கடினம் ஆகிய நான்கையும் நம்பாதீர்கள். பருவைத் தேடுங்கள்.

வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து வந்து மேசையில் போடுங்கள். நாம் வேப்பிலை என்று உருவி எடுப்பது உண்மையில் சிற்றிலை. அதன் அடியில் கைலென்ஸை வைத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நடுவில் ஓடும் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டே குச்சிவரை போங்கள். ஈர்க்கின் அடி சற்றே தடித்துக் குச்சியோடு சேரும் கவட்டில் பரு தென்படும். ஆகவே ஈர்க்கும் அதன் இரு பக்கச் சிற்றிலைகளும் சேர்ந்துதான் ஒரு வேப்பிலை. ஈர்க்கில் சிற்றிலை தொடங்குவதற்கு முன்னுள்ள வெறும் பகுதி இலைக்காம்பு. சிற்றிலைகள் நிற்கும் பகுதி இலையின் நடு அச்சு. கறிவேப்பிலையும் அப்படியே. முருங்கையில் நடு அச்சு கிளைத்து, அந்தக் கிளையும் கிளைத்து, அதன் பிறகுதான் சிற்றிலை வரும். முழங்கை நீளத்துக்குக் கீரைக்காரர் கட்டி வைத்திருக்கும் அந்த ஒவ்வொரு கொத்தும் ஒரே ஓர் இலை. காய்ந்தால் எல்லா மூட்டிலும் கழன்று பொடிப்பொடியாக உதிரும். முருங்கையை உலர்த்தித் தாளில் ஒட்ட நினைப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இப்போது நெல்லி. பார்வைக்கு வேம்பைப் போலவே இருக்கும். மெல்லிய ஈர்க்கு, இரண்டு பக்கமும் பொடி இலைகள், முற்றினால் ஈர்க்கோடு மொத்தமாக உதிரும். பலர் இதைக் கூட்டிலை என்று எழுதி முடித்துவிடுவார்கள். பூக்கும் பருவத்தில் அந்த ஈர்க்கைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பொடி இலையின் கவட்டிலும் பூ இருக்கும். கவட்டில் பூ வருகிறது என்றால் அங்கே பரு இருந்தது. பரு இருந்தது என்றால் அந்தப் பொடி இலைதான் முழு இலை. அதைத் தாங்கும் 'ஈர்க்கு' இலையின் அச்சு அல்ல, கிளை. நெல்லி மரத்தை எட்டிப் பிடிக்க முடியாதவர்களுக்கு வாய்க்கால் ஓரத்துக் கீழாநெல்லி இருக்கவே இருக்கிறது. இலைக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் காய்களை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயரே. இலையின் நடு அச்சில் காய் காய்க்காது. அந்தப் பூண்டு ஒன்றே இந்த அத்தியாயத்தின் பாதியைச் சொல்லிவிடும்.

தென்னை ஈர்க்கு இதிலும் சேராது. விளக்குமாறு கட்டும் அந்தக் குச்சி ஒரு தனி ஓலையின், அதாவது ஒரு சிற்றிலையின், நடு நரம்பு. வேப்ப ஈர்க்கு முழு இலையின் அச்சு. நெல்லி ஈர்க்கு கிளை. சித்த மருந்துக் கடையில் ஈர்க்கு கேட்டால் தருவார்கள், கஷாயமும் குறையாது. ஆனால் மூன்றும் செடியின் மூன்று வெவ்வேறு உறுப்புகள்.

வில்வம் புதுச்சேரியின் மாநில மரம். அதன் மூன்று இலையும் மூன்று சிற்றிலைகளே. பக்கத்து இரண்டுக்கும் காம்பு இல்லை என்றே சொல்லலாம். நடுவில் இருப்பதற்கு மட்டும் தனியே நீண்ட காம்பு உண்டு. அடையாள நூல் இலைக்காம்பு நீளம் கேட்டால், குச்சியிலிருந்து பக்கச் சிற்றிலைகள் பிரியும் இடம் வரை அளங்கள். அதற்கு அப்பால் இருப்பது சிற்றிலைக்காம்பு.

பழைய கணக்குகள்

தாங்கும் உறுப்புகளுக்குப் பெயர் வைப்பதில் தமிழ் ஒருபோதும் சோம்பியதில்லை. 'சொல்லாய்வுக் கட்டுரைகள்' நூலில் தேவநேயப் பாவாணர் தொகுத்த அடி வகைகளைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படித்திருப்பார்கள். நெல்லுக்குத் தாள், கீரைக்கும் வாழைக்கும் தண்டு, மிளகாய்ச் செடிக்குக் கோல், புதருக்குத் தூறு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி. பாகூர்ப் பக்கத்து வயல்களில் நின்று பார்த்தால் இவற்றில் பாதி இன்றும் அன்றாடப் பேச்சு. பிரெஞ்சிலும் இதே போக்கு உண்டு. செடியின் தண்டுக்குத் 'தீஜ்', மரத்துக்குத் 'த்ரோன்', பனை தென்னைக்கு 'ஸ்தீப்', புல்லுக்கு 'ஷோம்'. லின்னேயஸ் 1751-இல் வெளியிட்ட தாவரவியல் விதிநூலில் தண்டு வகை ஏழு என்றார். நம்முடைய அடி, தாள் போன்றவற்றோடு பூக்காம்பு, இலைக்காம்பு, பெரணி மட்டை எல்லாவற்றையும் அந்த ஏழுக்குள் அடைத்திருந்தார். இலைக்காம்பைத் தண்டு வகையில் சேர்த்ததைப் பிற்காலத்தவர் ஏற்கவில்லை.

தொல்காப்பிய மரபியலின் கணக்கு எனக்கு இன்னும் நெருக்கமானது. வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று பிரித்து, உறுப்புப் பெயர்களையும் அப்படியே பங்கிடுகிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் புல்லின் பக்கம். இலை, தளிர், சினை, அரும்பு எல்லாம் மரத்தின் பக்கம். பனையையும் தென்னையையும் அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளிப்பகுதி இரும்பு, நடுப்பகுதி சோறு. இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவினை கிட்டத்தட்ட அதே கோட்டில்தான் போகிறது. வேம்புக்கு ஈர்க்கு என்பது மரபியல் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

பாவாணரின் கிளைப் பட்டியலை மட்டும் களத்தில் நம்ப வேண்டாம் என்பேன். கவை பிரிந்து கொம்பு, கொம்பு பிரிந்து கிளை, பிறகு சினை, போத்து, குச்சி, இணுக்கு என்று அழகாக இறங்குகிறது. ஆனால் ஒருவர் கொம்பு என்பதை அடுத்தவர் கிளை என்பார். முதல் கிளை, இரண்டாம் கிளை, மூன்றாம் கிளை என்று எண் போட்டு எழுதினால் சண்டை இல்லை.

மரம் போல, தண்டு போல

வாழை மரம் என்கிறோம். அங்கே நிற்பது மரமல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிய மட்டைகள். மட்டை என்பது இலையின் அடிப்பகுதி. உண்மைத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலம் வந்தால் அந்தக் கிழங்கின் நுனி மட்டைகளின் நடுவே நீண்டு மேலேறி, உச்சியில் பூவோடு வெளியே வரும். தார் வெட்டிய பிறகு மட்டைகளை உரித்து உள்ளிருந்து எடுக்கும் வாழைத்தண்டு அதுதான். ஆக, காய்கறிக்கடையில் வாழைத்தண்டு என்ற பெயர் மிகச் சரி; தோட்டத்தில் வாழை மரம் என்ற பெயர்தான் தவறு. பூக்காரர் கையிலிருக்கும் வாழைநார் இலையிலிருந்து வந்தது, தண்டிலிருந்து அல்ல.

வெங்காயத்தாள் வேடிக்கையானது. நெல்லின் தாளில் கணு இருக்கிறது, வெங்காயத்தாளில் கிடையாது. அது இலை, உள்ளே புழையாக இருக்கும் இலை. வெங்காயத்தின் தண்டு, அரியும்போது வேரோடு சேர்த்து நாம் வெட்டி எறியும் அந்தச் சிறு வட்டு. பூ வரும்போது வட்டிலிருந்து இலை எதுவும் இல்லாத தனிக்கோல் ஒன்று கிளம்பி உச்சியில் பூப்பந்தை ஏந்தும். தரையிலிருந்து நேரே எழும் அப்படிப்பட்ட இலையில்லாக் கோலுக்குத் தாவரவியலில் தனிப்பெயர் உண்டு. தமிழில் பூக்கோல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வல்லாரைக் கட்டில் நீங்கள் தண்டு என்று கிள்ளி எறிவது இலைக்காம்பு. ஒரு முனையில் இலைப்பரப்பு, நடுவில் கணுவே இல்லை, அவ்வளவுதான் சோதனை. வல்லாரையின் தண்டு தரையோடு ஓடும் கொடி. கட்டில் சில நேரம் வேரோடு ஒட்டி வரும். சேம்பிலும் தண்டு என்று நாம் சொல்வது இலைக்காம்பே. தண்டுக்கீரையில் மட்டும் பெயரும் பொருளும் ஒத்துப்போகின்றன.

தாமரையில் குளத்துக்காரர் ஒரு மாதிரி, கடைக்காரர் ஒரு மாதிரி. குளத்தில் தண்டு என்று அறுப்பது பூக்காம்பு அல்லது இலைக்காம்பு. கடையில் தாமரைத்தண்டு என்று துளைத்துளையாக நறுக்கிப் பொரிக்க வாங்குவது சேற்றில் படரும் கிழங்கு. அதில் கணு உண்டு, பரு உண்டு. ஆகவே அதுதான் தண்டு. இந்த முறை கடைக்காரர் பக்கம் நியாயம்.

பூவைத் தாங்குபவை

தனிப்பூ என்றால் ஒரு காம்பு, வேலை முடிந்தது. கொத்தாக இருந்தால் மூன்றைப் பிரிக்க வேண்டும். கொத்து முழுவதையும் தாங்கும் பூவில்லாத அடிப்பகுதி மஞ்சரிக்காம்பு. முதல் பூ பிரியும் இடத்திலிருந்து நுனி வரை மஞ்சரி அச்சு. ஒவ்வொரு பூவுக்கும் உரியது பூக்காம்பு.

புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கத்தில் இதை நின்றபடியே படிக்கலாம். பூ இலைக்கொத்தில் வராது, அடிமரத்தில் வரும். அடிமரத்தைச் சுற்றித் தொங்கும் கயிறு போன்றவற்றை வேர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்றை அருகில் போய்ப் பாருங்கள். நுனியில் மொட்டுகள், அதற்குப் பின்னால் விரிந்த பூ, அதற்கும் பின்னால் வரிசையாகத் தழும்புகள். ஒவ்வொரு தழும்பும் ஒரு பூ உதிர்ந்த இடம். தழும்பு வரிசை இருப்பதால் அது மஞ்சரி அச்சு; வேரில் இப்படி ஒழுங்கான தழும்பு வராது. பூவுக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கும் தடித்த குட்டைப் பகுதிதான் பூக்காம்பு.

பப்பாளியில் காம்பைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம். நீண்ட மஞ்சரிக்காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண். அடிமரத்தை ஒட்டிக் குட்டைக் காம்பில் உட்கார்ந்திருந்தால் பெண். செம்பருத்தியின் தனிக்காம்பில் மேற்பாதியில் ஒரு மூட்டு இருக்கிறது. வாடிய பூ அந்த இடத்தில்தான் கழன்று விழும். தக்காளியிலும் அப்படி ஒரு முழி உண்டு. காம்பு நீளம் எழுதும்போது மூட்டு எங்கே என்பதையும் எழுதினால் பின்னால் பார்ப்பவருக்கு உதவும்.

வெள்ளை நகரத்தின் மதில்களில் வழியும் காகிதப்பூவில், நிறமாகத் தெரிவது பூவடிச் செதில்கள்; பூ உள்ளே இருக்கும் மெல்லிய குழல். ஒரு செதிலைப் பிய்த்தால் பூவும் கூடவே வரும், ஏனென்றால் பூக்காம்பு செதிலின் நடு நரம்போடு ஒட்டிப்போயிருக்கிறது. செதிலே காம்பு என்று எழுதுவது வழக்கமான தவறு.

கடலூர், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் முந்திரிப் பழம் இந்த விஷயத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பழம் என்று கடித்துச் சாறு உறிஞ்சுகிறோமே, அது பருத்துப்போன பூக்காம்பு. நுனியில் தொங்கும் கொட்டைதான் காய். பிஞ்சுப் பருவத்தில் போய்ப் பார்த்தால் கொட்டை முதலில் பெரிதாகியிருக்கும், காம்பு மெல்லியதாகவே இருக்கும். காம்பு வீங்குவது பிறகுதான்.

கண்ணை ஏமாற்றும் இரண்டு

கடலோரச் சவுக்குத் தோப்பில் தரையெல்லாம் கிடக்கும் பச்சை ஊசியை எடுத்து இரண்டு பக்கமும் மெல்ல இழுங்கள். மூட்டில் சட்டென்று கழலும். கழன்ற வாயைச் சுற்றி ஆறு முதல் எட்டு வரை பொடிப் பற்கள். அவைதான் சவுக்கின் இலைகள். ஊசி முழுவதும் கணுக்கணுவான தண்டு.

கத்திச் சவுக்கு நேர் எதிர். 1968-க்குப் பிறகு ஆரோவில்லின் செம்மண் மேட்டில் நட்ட காடுகளில் பெரும் இடம் பிடித்த அகேசியா இது. ஆரோவில்காரர்கள் 'வொர்க் ட்ரீ' என்பார்கள். அதில் இலை என்று நாம் காண்பது தட்டையாகிப்போன இலைக்காம்பு. இப்போதுதான் முளைத்த கன்றைத் தேடிப் பாருங்கள். முதல் சில இலைகள் சாதாரணக் கூட்டிலைகளாக இருக்கும், அடுத்தடுத்த இலைகளில் காம்பு அகன்றுகொண்டே போய்ச் சிற்றிலைகள் மறைந்துவிடும். தட்டையாக இருப்பதெல்லாம் காம்பா என்றால், இல்லை. சப்பாத்திக்கள்ளியின் அட்டையும் தட்டைதான். ஆனால் அதன் முகம் முழுக்கப் பரு இருக்கிறது, முள்ளும் பூவும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆகவே அட்டை, தண்டு. கத்திச் சவுக்கில் பரு அடியில் மட்டும்.

ஆலமர விழுதுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கணு இல்லை, இலை இல்லை, கிளையிலிருந்து கீழே இறங்கும் வேர். தாழையிலும் சுரபுன்னையிலும் அடித்தண்டிலிருந்தே புறப்படுவதால் அவற்றை ஊன்றுகால் வேர் என்று தனியாக எழுதுங்கள். தேங்காய்த்திட்டுச் சேற்றில் பென்சில் போல நிமிர்ந்து நிற்கும் அலையாத்தி வேர்கள் தாங்குவதற்கு அல்ல, மூச்சுக்கு.

உலர்த்தித் தாளில் ஒட்டும்போது

1826-இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய தாவரவியல் பூங்கா நம் நகரில் இருக்கிறது. நீலகிரிச் செடிகளைச் சேகரித்த பெரோத்தே அதைப் பல ஆண்டுகள் கவனித்து, 1870-இல் இங்கேயே இறந்தார். பூங்காவில் பறிக்காதீர்கள், உதிர்ந்ததை எடுத்தாலே இந்த அத்தியாயத்துக்குப் போதும். செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உலர்தாவரங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. அங்கிருந்து பாஸ்கலும் ரமேஷும் 1987-இல் வெளியிட்ட மர அடையாள நூலை ஒருமுறையாவது புரட்டிப் பாருங்கள். பூவும் காயும் கைக்கு எட்டாத பெருமரங்களை இலை அமைப்பு, இலைக்காம்பு, இலையடிச் செதில், பால் போன்றவற்றை வைத்தே பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறது.

மாதிரி வெட்டும்போது கணுவோடு வெட்டுங்கள். இலையை மட்டும் கிள்ளி வந்தால் பரு மரத்திலேயே இருந்துவிடும். பிறகு வேம்பா நெல்லியா என்ற கேள்விக்குத் தாளில் பதில் இருக்காது. குச்சியில் குறைந்தது இரண்டு மூன்று கணுவாவது இருக்கட்டும். கூட்டிலை தாளைவிடப் பெரிதாக இருந்தால் அச்சை மடித்து ஒட்டலாம், அறுக்கக் கூடாது. எத்தனை இணைச் சிற்றிலை என்று எண்ணித் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். தென்னை, வாழை, நாகலிங்கம் தாளில் அடங்காது. அவற்றுக்கு அளவும் வரைபடமும் போதும்: மஞ்சரி எங்கிருந்து கிளம்பியது, காம்பு எவ்வளவு, அச்சு எவ்வளவு.

துண்டுச்சீட்டில் ஊர்ப்பெயருக்கு ஒரு வரி, உறுப்புப் பெயருக்கு ஒரு வரி. கீரைக்காரம்மா "நெல்லி ஈர்க்கு" என்று சொன்னால் அதை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். அடுத்த வரியில் "உதிரும் சிறுகிளை, கவட்டில் பூ" என்று நீங்கள் கண்டதை எழுதுங்கள். தேதி, இடம், பூவின் நிறம், ஒடித்த இடத்தில் பால் வந்ததா என்பதையும் வெட்டிய அன்றே குறித்துவிடுங்கள். உலர்ந்த பிறகு நிறமும் பாலும் தெரியாது.